எல்லாவற்றுக்கும் புதியது

அக்கா விலங்கு மருத்துவர். அக்காவின் கணவர் அந்த மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவர். தங்கை வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறவள். முப்பத்தி நான்கு வயதாகியும் குடும்பத்தில் அவள் சின்னவள்தான். நாய் பூனைகளுக்கு நேரம் பதிவு செய்யும் வலைப்பக்கத்தை அவள்தான் கட்டிக்கொடுத்திருந்தாள். அதில் பதினேழு கேள்விகள். அத்தனையும் அக்கா பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்னவை.

இந்த மாதிரிப் பக்கங்களை யாரும் முதல் செங்கல்லிலிருந்து கட்டுவதில்லை. ஒரு கருவி இருக்கிறது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால், ஆரம்பத்துக்கு வேண்டிய ஃபைல்களையெல்லாம் தயாராக எடுத்துவைத்துவிடும். அதன்மேல் நம்முடையதை எழுதிக்கொள்ளலாம். அந்த ஆரம்ப ஃபைல்கள் பழசாகிவிட்டன, புதுப்பி என்று கருவி மூன்று மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, தன் கணவர் பிள்ளைகளை நீச்சலுக்கு அழைத்துப்போனதும், சின்னவள் லேப்டாப்பைத் திறந்து அந்த வரியைத் தட்டினாள்.

கருவி ஒவ்வொரு ஃபைலாக நிறுத்தி நிறுத்திக் கேட்டது. இதை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள்; உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா, அல்லது மீதி எல்லாவற்றுக்கும் புதியதைப் போட்டுவிடவா? அவளும் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கிறவள் மாதிரி ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, யோசித்து, பதில் சொன்னாள். முப்பத்தியொரு ஃபைல் வரை பொறுமை இருந்தது. முப்பத்திரண்டாவதில் ஃபோன் அடித்தது.

"ஏம்மா சின்னவளே, கிளி ஒண்ணு வந்திருக்கு" என்றார் மாமா, அக்காவின் கணவர். "பேர் என்னன்னு கேட்டா அதுவே சொல்லுது!"

"சந்தோஷம் மாமா. எழுதிக்கோங்க."

"அங்கதானே சிக்கல். கூட வந்த அம்மா வேற பேர் சொல்றாங்க. எதை எழுதறது?"

ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கிளி சொன்னதை எழுதுங்கள் என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். அதே மூச்சில் 'எல்லாவற்றுக்கும் புதியது' என்பதற்கான எழுத்தை அழுத்தினாள். அதே மூச்சில் திருத்தத்தைச் சேமித்து அனுப்பியும் விட்டாள். அனுப்பினால் தானாகவே ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி ஏற்பாடு செய்துவைத்திருந்ததும் அவளேதான். பிறகு நிம்மதியாகத் துணி மடிக்கப் போனாள்.

அரை மணி கழித்து வந்து பார்த்தால் மின்னஞ்சலில் ஒன்பது கடிதங்கள். "டாக்டர், என் முயல் காலையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது." "டாக்டர், பூனை குண்டாகிவிட்டதா, இல்லை கர்ப்பமா?" சின்னவள் அவசரமாக மருத்துவமனைப் பக்கத்தைத் திறந்தாள். அக்காவின் படத்தைக் காணோம். பதினேழு கேள்விகளையும் காணோம். "வாழ்த்துகள்! உங்கள் புதிய செயலி தயார்!" என்று ஒரு வரி. அதன் கீழே மாதிரிக்கு வைத்த மூன்று கட்டங்கள்: பெயர், ஃபோன், செய்தி. கருவியிடம் என்றோ கொடுத்திருந்த அவள் முகவரிக்கே எல்லாம் வந்து விழுந்துகொண்டிருந்தன.

பழையதைத் திரும்பக் கொண்டுவர இரண்டு நிமிடம் போதும். கையை வைத்தாள். அதற்குள் பத்தாவது வந்தது: "நாய் சாக்ஸை முழுங்கிடுச்சு. ஒண்ணு இல்ல, ஜோடி."

பக்கமாவது ஒன்றாவது என்று அந்த எண்ணை அழைத்தாள்.

"டாக்டரா?" என்றது நடுங்குகிற ஆண்குரல்.

"டாக்டர் தங்கச்சி."

"பரவாயில்லங்க, நீங்களே சொல்லுங்க!"

"நான் ஒண்ணும் சொல்லக்கூடாதுங்க. நாயைத் தூக்கிட்டு உடனே ஓடுங்க. நான் அக்காகிட்ட சொல்லி வைக்கிறேன்."

அடுத்து அக்காவை அழைத்தாள். என்ன நடந்தது என்பதை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். எதிர்ப்பக்கம் ஒரு பெருமூச்சு. "உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா வைத்துவிட்டாள். வீட்டில் உட்கார முடியாமல் சின்னவளும் லேப்டாப்போடு கிளம்பிப் போனாள்.

போய்ச் சேர்ந்தபோது நாய் பிழைத்துவிட்டிருந்தது. ஊசி போட்டதும் வாந்தி எடுத்ததாம். எஃகுத் தட்டில் சாக்ஸ் கிடந்தது, இரண்டல்ல, மூன்று. மூன்றாவது ரோஸ் நிறம்.

"இது நம்ம வீட்டுது இல்லையே" என்றாள் நாய்க்காரரின் மனைவி, மெதுவாக.

"எனக்கென்ன தெரியும்? நாயைக் கேளு!" என்றார் அவர்.

மாமா பேச்சை மாற்றப் பார்த்தார். "நல்லவேளை சார், உடனே எழுதிப் போட்டீங்க."

"மூணே கட்டம், எழுதிட்டேன். போன வாரமும் காதுல புண்ணுன்னு பதிவு பண்ணப் பார்த்தேங்க. அப்ப இந்தப் பக்கம் நாயோட அம்மா என்ன ஜாதின்னு கேட்டுச்சு. அதுக்கு முந்தின கேள்வி என் பிறந்த தேதி. விட்டுட்டேன்."

அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே சின்னவளைப் பார்த்தாள். திட்டு வரப்போகிறது என்று சின்னவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"அந்த ஃபாரத்தை இவ்ளோ நீளமா யாரு பண்ணச் சொன்னது?"

"நீதான்க்கா."

"நான் சொன்னா நீ அப்படியே பண்ணிடறதா? முப்பது வருஷமா என் பேச்சைக் கேக்காதவ, இதுல மட்டும் கேட்டியாக்கும்!"

மாமா சிரிப்பை அடக்க முடியாமல் கிளிக்கூண்டுப் பக்கம் போனார். வரவேற்பு மேசையிலேயே லேப்டாப்பை வைத்து, சின்னவள் பழைய பக்கத்தை மீட்டாள். பதினேழில் பதினாலு கேள்விகளை அக்கா பார்க்கப் பார்க்கவே அழித்தாள். ஒவ்வொன்று போகும்போதும் அக்கா ஒரு "ச்சு" கொட்டினாள், ஆனால் தடுக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் வந்த பதிவுகள் இருபத்தியாறு. வழக்கமாக நாலு வந்தால் அதிகம். சாப்பிடக்கூட நேரமில்லாமல் அக்கா கடைசிப் பூனையை அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"நாளைக்கு இன்னும் நிறைய வருமா?" என்று கேட்டாள்.

"வரும்" என்றாள் சின்னவள்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னவளின் மடியில் வைத்துக்கொண்டாள். "அப்போ அமுக்கிவிடு" என்றாள்.