சொல் கேட்காத கொழுப்பு

என் வீட்டுக்காரர் சபாரத்தினம் ஸ்ட்ரெதத்திலிருந்து குரோய்டனுக்கு பஸ் ஓட்டினார். யாழ்ப்பாணக் கந்தோரில் கிளாக்காக இருந்த மனிதருக்கு லண்டனில் ஒரு பெரிய சிவப்பு பஸ் கைக்கு வந்ததில் இருந்த பெருமை, எங்கள் மகள் பிறந்தபோதுகூட இருக்கவில்லை. அதனால்தான், "சுகர் இறங்கலைன்னா இன்சுலின் ஊசிதான் சார். ஊசி போட்டுக்கறவங்க பஸ் ஓட்டறதுக்குச் சட்டத்துல இடமில்லை" என்று டொக்டர் வத்சலா சொன்னதும் மனிதர் அப்படியே வாடிப்போனார்.

வத்சலா மதுரைப் பெண். மெற்ஃபோர்மின் என்ற நீரிழிவு மாத்திரை கொழுப்புச் செல்களை என்ன செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்; அதில் இவரையும் சேர்த்துக்கொண்டார். வயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பு எடுப்பார்கள். மூன்று மாதம் மாத்திரை. பிறகு இன்னொரு முறை எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

"சைவக்காரன்ரை வயித்திலை என்ன கொழுப்பு இருக்கப்போகுது, டொக்டர்?" என்று இவர் போட்டிருந்த சேட்டை மேலே தூக்கிக் காட்டினார்.

வத்சலா அந்த வயிற்றைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் கையுறையை மாட்டிக்கொண்டார். வளர்ப்பு நல்ல வளர்ப்பு.

"உங்க உடம்புல இன்சுலின் இல்லாம இல்லை சார். என் உடம்புல இருக்கறதைவிட ஜாஸ்தியாவே இருக்கு. சர்க்கரையை உள்ளே எடுன்னு அது சொல்லிக்கிட்டேதான் இருக்கு. செல்தான் கேக்கமாட்டேங்குது. கேக்காததால இன்சுலின் இன்னும் சத்தமா சொல்லவேண்டியிருக்கு. செல்லைக் கேக்க வைக்க இந்த மாத்திரை உதவுதான்னுதான் பார்க்கிறோம்."

எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றுவதும், கேட்கவேண்டியது கேட்காமல் இருப்பதும், கடைசியில் சத்தம் போட்டவளுக்குக் கெட்ட பெயர் வருவதும் எனக்குப் புதிதில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அந்த வீட்டில் இன்சுலின் உத்தியோகம்தான் பார்த்துவருகிறேன்.

மூன்று மாதம் முடியும் நேரம் கந்தசஷ்டி வந்தது. ஒருநாளும் விரதம் பிடிக்காத மனிதர் ஆறு நாளும் தண்ணீரும் இளநீருமாகக் கிடந்தார். பக்தி வந்துவிட்டது என்று நினைத்து நானும் சந்தோஷப்பட்டேன். ஏழாம் நாள் காலை இரத்தமும் கொழுப்பும் கொடுத்துவிட்டு, பரீட்சையில் பாஸான பெடியனைப்போல் சிரித்துக்கொண்டு வந்தார்.

முடிவு சொல்லக் கூப்பிட்டபோது வத்சலாவின் முகம் சரியில்லை.

"அன்னிக்குக் காலையில சர்க்கரை பிரமாதம். ஆனா மூணு மாசக் கணக்கைக் காட்டற டெஸ்ட்ல ஏறியிருக்கு. கொழுப்புச் செல்லுல இன்சுலினை ஊத்திப் பார்த்தா முன்னைவிட மோசம். சார், மாத்திரை சாப்பிட்டீங்களா?"

இவர் சுவரைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

"முதல் கிழமை ஒரு ஏழு நாள் எடுத்தனான்" என்றார் மெல்ல. "விடிய எழும்பி, வெறும் வயித்திலை, ஒரு நாளைக்குரிய ரெண்டு மாத்திரையையும் ஒண்டாய்."

"சாப்பாட்டோட ஒண்ணு ஒண்ணா எடுக்கணும்னு சொன்னேனே!"

"மருந்தெண்டால் வெறும் வயித்திலை எடுத்தால்தானே பிடிக்கும்? கசாயம் அப்பிடித்தானே குடிக்கிறனாங்கள்?"

பிறகு நடந்தது மெல்ல மெல்ல வெளியே வந்தது. வயிறு கலக்கி, ஸ்ட்ரெதம் பெருந்தெருவில் ஆட்கள் நிறைந்த பஸ்ஸை ஒரு பப் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடியிருக்கிறார். திரும்பிவர, இன்ஸ்பெக்டர் பஸ்ஸடியில் நிற்கிறார். "எஞ்சினுக்குள் ஏதோ சத்தம் கேட்டது" என்று இவர் சொல்லியிருக்கிறார். அன்றோடு மாத்திரைகள் டிப்போ லொக்கருக்குள் போய்விட்டன. விரதத்தால் சீனியை இறக்கிக் காட்டலாம் என்பது இவர் சொந்தமாகக் கண்டுபிடித்த வைத்தியம்.

"பட்டினி கிடந்தா செல் இன்சுலினை இன்னும் மதிக்காது சார்" என்று வத்சலா தலையில் கை வைத்தார். "ஆராய்ச்சியிலேர்ந்து உங்களை எடுத்துட்டேன். வைத்தியத்துக்கு இன்னும் மூணு மாசம் தர்றேன். அப்புறம் ஊசிதான்."

வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்தோம். கோபத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது. பஸ் போனால் இந்த மனிதர் வீட்டுக்குள் எப்படி இருப்பார் என்று நினைக்கவே முடியவில்லை.

அதற்குப் பிறகு காலையும் மத்தியானமும் பக்கத்தில் நின்று மாத்திரை கொடுத்தேன். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, எல்லாம் வயிறு நிறைந்த பிறகு. மத்தியானத்தில் சாப்பாட்டுக் கரியரோடு ஸ்ட்ரெதம் பஸ் தரிப்பில் நின்று இவருடைய பஸ்ஸில் ஏறி, குரோய்டனில் இறங்கிச் சாப்பிட வைத்தேன். சோறு கொஞ்சம், கீரை கூடுதல். வழி நீளச் சண்டையும் பிடித்தோம். எங்கள் பாஷை தெரியாத வெள்ளைக்காரக் கிழவிகள் அதைக் கேட்கவென்றே முன்சீட்டில் வந்து இருந்தார்கள்.

மாசி மாதம் வத்சலா போன் பண்ணினார். மூன்று மாதக் கணக்கு இறங்கிவிட்டது. ஊசி வேண்டாம்.

அன்று மத்தியானமும் கரியரோடு ஏறினேன். சொன்னேன். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தொப்பியைச் சரிசெய்து, "ரிக்கற்?" என்றார்.

"நான் உங்கடை மனுசி!"

"மனுசியெண்டாலும் பஸ்ஸிலை ஏறினால் ரிக்கற் எடுக்கவேணும்."

வேறு நாளென்றால் கரியர் பறந்திருக்கும். அன்று சில்லறையைக் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் போய் இருந்து குரோய்டன் வரை அழுதேன். ஊசி வந்திருந்தால் அந்த ஆசனத்தில் வேறு யாரோ இருந்து என்னிடம் ரிக்கற் கேட்டிருக்கலாம்.

குரோய்டனில் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தார். சாப்பிட்டார். கை கழுவினார். பொக்கற்றுக்குள் கை விட்டு மாத்திரையை எடுத்துப் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

நான் இன்னும் வாயே திறக்கவில்லை.