எட்டு எண்ணிக்கை

எனக்கு ஒரு வரமும் இல்லை என்று முடிவு வந்தது.

ஒவ்வொருவரின் ஆவிக்குரிய வரத்தையும் கண்டறிய எங்கள் சபையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நூற்று இருபது கேள்விகள். முன்பின் தெரியாதவரை விருந்துக்கு அழைப்பீர்களா? இல்லை. சோர்ந்தவரைத் தேற்றுவீர்களா? தேற்றியதாக நினைவில்லை. உண்மையைத்தான் எழுதினேன். மொத்தம் பூஜ்யம்.

பாஸ்டர் லோர்னா பாக்கே தாளைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"ஓரின், செத்தவங்களுக்குக்கூட இதுல நாலு மார்க் வரும்."

"பொய் எழுதச் சொல்றீங்களா பாஸ்டர்?"

"ஐயையோ, வேணாம். ஆனா பெந்தெகொஸ்தே பண்டிகைக்குள்ள எல்லாருக்கும் ஒரு ஊழியம் குடுத்தாகணும். தீர்மானம் போட்டாச்சு."

வடக்கு டகோட்டாவின் இந்தச் சிறிய லுத்தரன் சபையில் பத்தொன்பது வருடங்களாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். நான் வராவிட்டால் இவர்களுக்கு ஏதாவது குறையுமா என்று பல குளிர்காலங்கள் யோசித்ததுண்டு. இப்போது அதற்குப் பதில் எழுத்திலேயே வந்துவிட்டது போலிருந்தது.

முதலில் வாசலில் வரவேற்க நிறுத்தினார்கள். என் முகத்தைப் பார்த்த மூன்று குடும்பங்கள், யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பிப்போய், கறுப்பு உடையில், துக்க வீட்டுக்குக் கொண்டுபோகும் உருளைக்கிழங்கு கேசரோலோடு வந்தன.

அப்புறம்தான் மார்லிஸ் ஆஸ்ட்பி என்னைத் தேடி வந்தாள். கைமணிக் குழுவை நடத்துபவள். பதின்மூன்று பேர், ஆளுக்கு இரண்டு மணி. ஒரு மணிக்கு ஒரே சுரம். தன் சுரம் வரும்போது ஆட்ட வேண்டும், அவ்வளவுதான். பெந்தெகொஸ்தே கீதத்தின் நடுவே எட்டு எண்ணிக்கை மௌனம் வரும். ஏழு வருடத்தில் ஒருமுறைகூட அது நடந்ததில்லை. சத்தம் நின்றதுமே, அடிக்க மறந்தது தான்தான் என்று பதின்மூன்று பேரும் பயந்துபோய், மன்னிப்புக் கேட்கிற வேகத்தில் மணியை ஆட்டிவிடுவார்கள். எங்கள் ஆட்கள் அப்படி.

"அந்த மௌனத்தை நீ வாசி. சத்தம் நின்னது உன்னோட தப்புன்னு தெரிஞ்சா இவங்க நிம்மதியா இருப்பாங்க," என்றாள் மார்லிஸ்.

வெள்ளைக் கையுறை தந்தார்கள். மணி தரவில்லை. மற்றவர்கள் மணியைத் தூக்கும்போது நான் சும்மா நிற்க வேண்டும். மௌனம் வந்ததும் கைகளை உயர்த்தி, எட்டு எண்ணி, இறக்க வேண்டும்.

இருப்பதிலேயே கனத்த மணியை வைத்திருக்கும் ட்வைட், ஒத்திகையில் சிரித்தான். "என்னய்யா, மாடு இல்லாம பால் கறக்க வந்திருக்கே?"

"நான் கறக்கிற சத்தம் கேக்குதா?"

"இல்லையே."

"அப்போ சரியாத்தான் வாசிக்கிறேன்."

பெந்தெகொஸ்தே ஞாயிறு வந்தது. கீதம் பாதிக்கு வந்து நின்றது. கைகளை உயர்த்தினேன். பதின்மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு மணிகூட அசையவில்லை. எட்டு எண்ணி முடித்தேன். கை இறங்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக இவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள்.

ஒரு நிமிடம் போனது. பாஸ்டர் மெல்ல உட்கார்ந்தார். வெளியே கோதுமை வயலில் காற்று திரும்புவதுகூடக் கேட்டது. மூன்றாவது பெஞ்சில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். நான்கு நிமிடம்.

"கையை இறக்குய்யா," என்று ட்வைட் முனகினான். "மணி கன்னுக்குட்டி கனம் கனக்குது."

அவன் முழங்கை நடுங்குவதைப் பார்த்தேன். இந்த மௌனம் என் வீட்டிலும் உண்டு. வருடம் முழுக்க உண்டு. அங்கே அதற்குப் பின்னால் எதுவும் ஒலிப்பதில்லை.

கைகளை இறக்கினேன்.

பதின்மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆட்டினார்கள். ஜன்னல்கள் அதிர்ந்தன.

ஆராதனை முடிந்து காபி ஊற்றும்போது மார்லிஸ் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எட்டுதான் எழுதியிருக்கு. நீ முந்நூறு வாசிச்சே."

"தெரியும்."

"நடுவுல ஒரு இடத்துல அவசரப்பட்டே." கோப்பையை ஊதினாள். "வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஒத்திகை. நீ வராம நாங்க தொடங்க முடியாது."