மல்லனின் தோள் மூட்டு

"நூறு தடவை மடக்கிக் காட்டறேன். உங்க கண்ணு எதிர்லயே, உங்க சேனல்லயே லைவா. வர்றீங்களா மேடம்?"

போனில் பேசியவர் அன்பரசன். கீழ்பென்னாத்தூரில் பாட்டில் மூடி வார்க்கும் பட்டறை வைத்திருப்பவர். எட்டு மாதம் பாடுபட்டு, தானே வரைந்து, தானே வார்ப்பு அச்சுக்கு டை வெட்டக் கொடுத்து 'ஆட்டோ மல்லன்' என்ற பொம்மையைக் கொண்டுவந்திருந்தார். மூன்று விரல் அகலத்தில் ஒரு மஞ்சள் ஆட்டோ. நாலு இடத்தில் திருப்பினால் கை கால் விரித்து நிற்கும் ரோபோ. அந்த மல்லனுக்குத்தான் மணிமொழி பத்துக்கு மூன்று மார்க் போட்டிருந்தாள்.

மணிமொழிக்கு இருபத்தொன்பது வயது. திருவண்ணாமலையில் பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து தரும் லேபில் வேலை. ஒரு பல் மயிரிழை உயர்ந்திருந்தாலும் அவள் விரல் கண்டுபிடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே விரல்களை வேறொன்றுக்குப் பயன்படுத்தினாள். உருமாறும் குட்டி ரோபோ பொம்மைகளை மேசையில் வைத்து, மூட்டு தளர்கிறதா, ஒற்றைக் காலில் நிற்கிறதா, ஈரத் துணியால் தேய்த்தால் பெயிண்ட் வருகிறதா என்று சோதித்து வீடியோ போடுவாள். முகம் தெரியாது. கையும் குரலும் மட்டும்தான்.

மல்லன் வீடியோவில் அவள் சொன்னது இதுதான்: "தோள்ல கம்பி போற வளையம் இருக்கு பாருங்க, இதைக் காதுன்னு சொல்லுவாங்க. ரொம்ப மெல்லிசு. முப்பத்தேழாவது தடவையில எனக்கு முறிஞ்சுடுச்சு. நூறு தாங்காது." இரண்டு வாரத்தில் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். கடைக்காரர்கள் மல்லன் பெட்டிகளை உள்ளே தள்ளிவைக்க ஆரம்பித்தார்கள்.

இதுவரை எந்தப் பொம்மையையும் செய்தவர் அவளிடம் பேசியதில்லை. எல்லாம் எங்கிருந்தோ கப்பலில் வருபவை. போனை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அந்தக் குரலில் இருந்த கோபத்துக்குப் பயந்தவள்போல் ஆகிவிடக்கூடாது என்று தோன்றியது.

"வர்றேங்க" என்றாள்.

பௌர்ணமியன்று மதியம் தேரடி வீதியில் நடக்க இடமில்லை. கிரிவலத்துக்கு வந்த கூட்டம் கையில் செருப்போடு கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாதுரையின் பொம்மைக் கடையில் கண்ணாடி மேசையின் ஒரு பக்கத்தைக் காலி செய்து வைத்திருந்தார்கள். அப்பாதுரைதான் இருவருக்கும் பொது ஆள். எண்ணுவது அவர் வேலை.

அன்பரசன் நாற்பதைத் தாண்டியவர். சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து வந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி திரௌபதி. வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு மல்லனுக்கும் கம்பி கோத்துப் பெட்டியில் போட்டவள் அவள்தான். மணிமொழியைப் பார்த்ததும், "இவ்ளோ சின்னப் பொண்ணா?" என்று வாய்விட்டே சொன்னாள்.

கூட்டத்தில் யாரோ, "பொம்மைக்கு மார்க் போட ஒரு வாத்தியாரம்மா" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. மணிமொழி போனை ஸ்டாண்டில் மாட்டி, மேசை மட்டும் தெரியும்படி சாய்த்து, லைவைத் தட்டினாள். இரண்டு நிமிடத்தில் எண்ணூறு பேர் வந்துவிட்டார்கள்.

அட்டைப்பெட்டியில் பிரிக்காத மல்லன்கள் பத்து இருந்தன. "நீங்களே எடுங்க. அப்புறம் நான் பொறுக்கி வெச்சேன்னு சொல்லக்கூடாது" என்றார் அன்பரசன். அவள் நடுவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் ஆரம்பித்தார். நெஞ்சைத் திறந்தார், கையைத் தூக்கினார், முதுகைத் திருப்பினார், காலை இழுத்தார். ஆட்டோ மனிதனாக நின்றது. மறுபடி மடக்கினார்.

"ஒண்ணு" என்றார் அப்பாதுரை.

இருபது வரை கடையில் பேச்சு இருந்தது. முப்பதுக்கு மேல் ஒவ்வொரு எண்ணையும் கூட்டமே சேர்ந்து சொன்னது. முப்பத்தாறில் அன்பரசன் ஒரு கணம் நிறுத்தி உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். திரௌபதி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"முப்பத்தேழு!"

ஒன்றும் ஆகவில்லை. யாரோ விசிலடித்தார்கள். போனில் கமெண்டுகள் ஓட ஆரம்பித்தன. பொய்க்காரி, காசு வாங்கிட்டா, மன்னிப்புக் கேளு. மணிமொழி அதையெல்லாம் படித்தாள். தன் கையில் முறிந்தது நிஜம். முறிந்த துண்டு இப்போதும் வீட்டு மேசை டிராயரில் இருக்கிறது. அப்படியானால் இது ஏன் முறியவில்லை?

அவர் கையை உற்றுப் பார்த்தாள். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. நெஞ்சு, கை, முதுகு, கால். நெஞ்சு, கை, முதுகு, கால்.

அப்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. வீட்டில் அவள் மல்லனின் கையைத்தான் முதலில் தூக்கியிருந்தாள். நெஞ்சு மூடியிருக்கும்போதே. முப்பத்தேழு முறையும் அந்தக் கை நெஞ்சு விளிம்பில் இடித்துக்கொண்டுதான் மேலே போயிருக்கிறது. லேசாக இறுகியது நினைவிருந்தது. மூட்டு இறுக்கம் என்று நினைத்து அழுத்தித் தூக்கியதும் நினைவிருந்தது.

சொல்லாமல் இருந்தால் நூறு முடியும். தோற்றவள் என்று போகலாம். சொன்னால், பொம்மையைத் திறக்கத் தெரியாமலே மூன்று மார்க் போட்டவள் என்று போகவேண்டும். போனில் ஆயிரத்தெண்ணூறு பேர். ஒரு விரல் வைத்தால் லைவ் அணைந்துவிடும். சிக்னல் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

"ஐம்பத்தெட்டு."

"அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள்.

"ஏன்? பயமா?"

"நெஞ்சை ஏன் முதல்ல திறக்கறீங்க?"

"அப்படித்தான் திறக்கணும். இல்லன்னா கை இடிக்கும்."

"நான் கையைத்தான் முதல்ல தூக்கினேன்." போனைப் பார்த்தே மறுபடியும் சொன்னாள். "எனக்கு முறிஞ்சது அதனாலதான். நான் தப்பா மடக்கினேன்."

கடையே 'ஓ'வென்றது. அன்பரசன் பொம்மையை மேசையில் வைத்தார். "எட்டு மாசம்மா. எட்டு மாசம். திறக்கத் தெரியாம உடைச்சுட்டு ஊருக்கே சொல்லிட்டியே."

"சொன்னேன், தப்புதான். ஆனா எப்படித் திறக்கணும்னு எங்க எழுதியிருக்கு?"

"பெட்டியில பேப்பர் இருக்குமே."

"என் பெட்டியில இல்ல."

"இருக்கும். தொலைச்சிருப்ப." அவரே ஒரு பெட்டியைக் கிழித்தார். பொம்மை மட்டும் இருந்தது. இன்னொன்றைக் கிழித்தார். மூன்றாவது. பிறகு மெல்லத் திரௌபதியின் பக்கம் திரும்பினார்.

"பேப்பர் வெக்கலயா?"

"நீங்கதான சொன்னீங்க" என்றாள் திரௌபதி சின்னக் குரலில். "பிரஸ்ல இருந்து வரல, முதல் லாட் அப்படியே போவட்டும்னு."

இப்போது சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. அவர் முகம் கறுத்தது. "பேப்பர் இல்லன்னா இன்னா? என் பொம்மை தாங்கும். தப்பா மடக்கினாலும் தாங்கும். பாருங்க."

"வேணாம்ணா. நான் சொல்லிட்டேனே, தப்பு என்னோடதுன்னு."

அவர் கேட்கவில்லை. நெஞ்சை மூடியபடியே கையை விருட்டென்று தூக்கினார். இறக்கினார். தூக்கினார். இறக்கினார். அப்பாதுரை எண்ணுவதை நிறுத்திவிட்டார். பத்தாவது முறைக்குப் பிறகு, மஞ்சள் தோளில் நூல்போல் ஒரு வெள்ளைக் கோடு விழுந்ததை மணிமொழி பார்த்தாள். பல் செட்டில் அந்தக் கோட்டைப் பார்த்தால், முறியப்போகிறது என்று ஒதுக்கிவைத்துவிடுவாள்.

"அண்ணா, கோடு விழுந்துடுச்சு. நிறுத்துங்க."

"தாங்கும்!"

'டிக்' என்று ஒரு சத்தம். கை தனியாகத் தொங்கியது. அரிசி அளவுக்கு ஒரு துண்டு தெறித்துக் கண்ணாடியில் பட்டுக் கீழே விழுந்தது.

முதலில் அசைந்தது திரௌபதிதான். "கீழ குழந்தை இருக்குது!" என்று கத்திக்கொண்டே மண்டியிட்டாள்.

மேசைக்கு அடியில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. ஒன்றரை வயது இருக்கும். கிரிவலத்துக்கு வந்த யாரோ ஒரு அம்மா, பந்து விலை கேட்பதற்காக அதை இறக்கிவிட்டிருந்தாள். எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். "யாரும் நவராதீங்க" என்று அப்பாதுரை கத்தினார். தரையில் துண்டைக் காணவில்லை. மணிமொழி குழந்தையின் வலது கையை விரித்தாள். காலி. இடது கை. காலி. குழந்தை அவளையே பார்த்தது. தாடை மெல்ல அசைந்தது.

"வாய்ல வெச்சிருக்கு" என்றாள் மணிமொழி.

"ஐயோ!" என்று அந்த அம்மா பாய்ந்து, குழந்தையைத் தூக்கி முதுகில் அடிக்கப் போனாள். மணிமொழி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அடிக்காதீங்கக்கா. மூச்சு விடுது, பாருங்க. அழ வெச்சா உள்ள இழுத்துக்கும். யாரும் கத்தாதீங்க."

கடை அடங்கியது. அவள் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, தன் வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள். "ஆ... பாப்பா, ஆ..."

குழந்தை யோசித்தது. உதட்டை இறுக்கிக்கொண்டது. மணிமொழி நாக்கை நீட்டிச் சுழற்றினாள். மறுபடி "ஆ" என்றாள். குழந்தைக்குச் சிரிப்பு வந்தது. வாய் திறந்தது.

கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில், மஞ்சளாக.

வாயின் அச்சுகளை ஆயிரக்கணக்கில் பார்த்தவள் அவள், எல்லாம் பிளாஸ்டர். உயிருள்ள வாய்க்குள் அவள் விரல் போனது அதுவே முதல் முறை. சூடாக, வழுக்கலாக இருந்தது. சுண்டுவிரலைக் கன்னத்தின் உட்புறமாக நுழைத்து, துண்டுக்குப் பின்னால் கொண்டுபோய், வெளிப்பக்கம் வளைத்து இழுத்தாள். எச்சிலோடு அது உள்ளங்கையில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் குழந்தை அழுதது. அதன் அம்மாவும் அழுதாள்.

மணிமொழி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலே ஸ்டாண்டில் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காலி மேசையை மூவாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்பரசன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கையில், தோள் முறிந்த மல்லன். பிறகு அதை மேசைமேல் வைத்து, போனின் பக்கம் குனிந்து, அது எங்கே பார்க்கிறது என்று தெரியாமல் எங்கேயோ பார்த்தபடி பேசினார்.

"நான் அன்பரசன். இந்தப் பொம்மை செஞ்சவன். வாங்கினவங்க இதைக் குழந்தைங்க கிட்ட இருந்து எடுத்து வெச்சுடுங்க. நான் வந்து திருப்பி வாங்கிக்கறேன்."

மணிமொழி எழுந்து வந்தாள். "போன வீடியோவில நூறு தாங்காதுன்னு சொன்னேன். சரியா மடக்கினா ஐம்பத்தெட்டு தாங்கிச்சு, நூறும் தாங்கியிருக்கும். அதைச் சோதிக்காம சொன்னது என் தப்பு. ஆனா குழந்தைங்க தப்பாத்தான் மடக்கும். அதனால மார்க்கை மாத்தல." லைவை அணைத்தாள்.

திரௌபதி அவளிடம் வந்து, "அந்தப் பழைய வீடியோவை எடுத்துடும்மா, அதான் எல்லாம் சொல்லிட்டியே" என்றாள். மணிமொழி எடுக்கவில்லை. அதன் கீழேயே தன் தப்பை எழுதி, பௌர்ணமி லைவையும் அதோடு சேர்த்தாள். பலர் அவளைத் திட்டினார்கள். சிலர் விலகிப்போனார்கள்.

அன்பரசன் சொன்னபடி செய்தார். திரௌபதியும் அவரும் டிவிஎஸ் வண்டியில் செங்கம், போளூர், அவலூர்பேட்டை என்று கடை கடையாகப் போய்ப் பெட்டிகளைத் திரும்ப எடுத்துவந்தார்கள். டையில் நெஞ்சு விளிம்புக்கு உள்ளே ஒரு சின்னப் படி வெட்டினார். நெஞ்சைத் திறக்காமல் கையைத் தூக்கவே முடியாதபடி அது தடுத்துக்கொள்ளும். தோள் வளையத்தின் கனத்தையும் கூட்டினார். மூன்று மாதம் ஆனது.

புது மல்லனை மணிமொழி கடையில் வாங்கினாள். வேண்டுமென்றே கையை முதலில் தூக்கிப் பார்த்தாள், அசையவில்லை. மூன்று சாயங்காலம் உட்கார்ந்து முன்னூறு முறை மடக்கினாள். வெள்ளைக் கோடு விழவில்லை. பின் சக்கரம் மட்டும் ஆடியது. எட்டு மார்க் போட்டாள்.

அடுத்த வாரம் மதிய நேரத்தில் அன்பரசன் லேபுக்கே வந்துவிட்டார். கையில் சுருட்டிய வரைபடம். வாசலில் இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போய் டீ சொன்னார்.

"அடுத்ததும்மா. பஸ்ஸு. ஆறு இடத்துல திரும்பும். டை வெட்டறதுக்கு முன்னால நீ ஒரு தடவை பாத்து, எங்க உடையும்னு சொல்லிடு. அப்புறம் நமக்குள்ள பிரச்சனையே வராது."

மணிமொழி டம்ளரைக் கீழே வைத்தாள். "பாக்க மாட்டேண்ணா."

"ஏன்? இன்னும் கோவமா?"

"கோவம் இல்ல. உங்க கூட உக்காந்து நானும் கைவெச்சுட்டா, அப்புறம் கடையில வாங்கிட்டு வந்து எப்படி மார்க் போடறது? நான் சரின்னு சொன்ன இடமே உடைஞ்சா, அதை என்னால வெளிய சொல்ல முடியாதே."

அவருக்கு அது புரிந்தமாதிரி தெரியவில்லை. காகிதத்தை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "சரிம்மா, உன் இஷ்டம்" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு இடத்தில் எப்படித் திரும்பும் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. வண்டி மறையும்வரை நின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, யாருடையதோ ஒரு கீழ்வரிசைப் பல் செட்டை அரத்தால் ராவுவதற்காக உள்ளே போனாள்.