கெசையாவின் கல்

காரை நிறுத்தியதும் க்ளீவ் சிரித்தான். "பெட்ரோல் பங்க்ல வழி கேட்டா, வின்கோட்டுன்னா மரச்சாமான் கடையாங்கறான். நாட்டோட முதல் சட்டசபைல உட்கார்ந்த மனுஷனுக்கு இதான் மரியாதை!"

"நாம அவருக்காகவா வந்தோம்?" என்றாள் அவன் மனைவி ஆர்லெட்டா. அவள் மடியில் அம்மாவின் அஸ்திப் பெட்டி இருந்தது.

அம்மாவின் கொள்ளுப்பாட்டி கெசையா, வர்ஜீனியாவில் வின்கோட்டு குடும்பத்தின் இந்த மாளிகையில் அடிமையாக இருந்து செத்தவள். அடிமைகளுக்குப் பெயர் வெட்டிய கல் கிடையாது. தலைமாட்டில் வயலில் கிடக்கும் கல் ஒன்றை நட்டு, மேலே ஊதாப்பூக் கொடியைப் படரவிடுவார்கள், அவ்வளவுதான். அம்மா கடைசிவரை அடையாளம் சொல்லிக்கொண்டேயிருந்தாள்: கிணற்றுக்குப் பின்னால், மூன்றாவது கல், ஒரு மூலை உடைந்திருக்கும், என்னை அவள் பக்கத்தில் வை.

கல்லை அடையாளம் காட்டினால் புதைக்கலாம் என்று மாளிகையைப் பராமரிக்கும் சங்கம் கடிதம் கொடுத்திருந்தது.

சங்கத்துத் தொண்டர் வினிஃப்ரெட், எழுபது வயதுக்காரி, அந்தக் காலத்துப் பாவாடையும் தொப்பியும் போட்டுக்கொண்டு வரவேற்றாள். புதிதாகக் கல் பதித்த பாதையில் ரோஜாச் செடிகளைக் காட்டிக்கொண்டே கிணற்றடிக்கு அழைத்துப்போனாள்.

கிணற்றுக்குப் பின்னால் ஒட்ட வெட்டிய புல்தான் இருந்தது.

"இங்க ஊதாப்பூக் கொடி இருக்கணுமே?"

"அந்தக் காட்டுக்கொடியா மேடம்? போன வசந்தத்துல முப்பது பேர் சேர்ந்து ஒரே சனிக்கிழமைல வேரோட பிடுங்கிட்டோம். வின்கோட்டு ஐயா காலத்துல இருந்த மாதிரியே வச்சிருக்கணும்ல?"

"அதுக்குள்ள இருந்த கல்லெல்லாம்?"

பதில் சொல்ல வாயெடுத்த வினிஃப்ரெட், மூவரும் நடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

ஆர்லெட்டா பெட்டியை அணைத்தபடி குனிந்து பாதையின் ஒவ்வொரு கல்லாகப் பார்த்தாள். ஒரு மூலை உடைந்த கல். அடுத்ததும் உடைந்த கல். அதற்கடுத்ததும்.

"ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும்னு சுத்தியலால தட்டினோம்..." என்றாள் வினிஃப்ரெட். "சத்தியமா எங்களுக்குத் தெரியாதும்மா. ஐயா குடும்பத்துக் கல்லறைல ஒரு ஓரமா இடம் கேட்டுப் பார்க்கட்டுமா?"

"எங்க ஆளுங்க உயிரோட இருந்தப்ப அவங்க காலடில கிடந்தது பத்தாதா? செத்தப்புறமும் அங்கேயா?"

வினிஃப்ரெட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"கண்ணு, பெட்டியைக் கொஞ்சம் கீழ வை," என்றான் க்ளீவ்.

ஆர்லெட்டா காலடிக் கல்லைப் பார்த்தாள், பிறகு புல்லைப் பார்த்தாள். அதனடியில் எத்தனை பேர், யார் எங்கே என்று சொல்ல இனி ஒருவரும் இல்லை.

"எங்க வைக்கச் சொல்ற?" என்று கேட்டாள்.

க்ளீவ் தன் இரண்டு கைகளையும் பெட்டிக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு அவளோடு நின்றான்.