காலிக் குழிகள்

பதினேழாம் எண் கலப்பு, நான்காம் எண்ணை விட ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காய்த்திருந்தது. அந்தத் தாளைப் பார்த்தபடி காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். திரும்பக் கூட்டிப் பார்த்தேன். கூட்டலில் பிழை இல்லை.

செமோர் என்ற சிற்றூருக்கு வெளியே, ரப்பர்ப் பால் மரங்களை வெட்டிச் சாய்த்த எஸ்டேட் நிலத்தில், ஒரு விதைக் கம்பெனியின் சோதனைத் தோட்டம் இருந்தது. அதன் ஆய்வுக்கூடத்தில் நான் ஏழு வருடம் வேலை பார்த்தேன். இரண்டு தூய கத்திரி வகைகளை மகரந்தம் மாற்றிக் கலந்தால் பிறக்கும் பிள்ளை சில சமயம் தாய் தகப்பனை மிஞ்சி வளரும். பல சமயம் வளராது. எது மிஞ்சும் என்று அறிய, கலந்து, நட்டு, காயை நிறுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. பன்னிரண்டு வகைகள் இருந்தால் அறுபத்தாறு ஜோடிகள். ஒரு மனிதன் அதிலேயே கிழவனாகிவிடலாம்.

செடி காய்க்கும் முன்பே அதன் இலையில் விடை இருக்கும் என்று நான் நம்பினேன். இலையை அரைத்துச் சாற்றை மாவுக்கூழ்ப் பலகையில் ஏற்றி மின்சாரம் பாய்ச்சினால் என்சைம்கள் ஓடிப் பிரியும். சாயம் ஊற்றினால் கோடுகளாகத் தெரியும். தாயின் கோடுகளும் தகப்பனின் கோடுகளும் எவ்வளவுக்கு வேறுபடுகின்றனவோ, பிள்ளையின் வீரியம் அவ்வளவுக்குக் கூடும். இதுதான் என் கணக்கு. இதைத் தவிர என்னிடம் வேறு யோசனை எதுவும் இருந்ததில்லை.

எண்பத்தைந்தில் கம்பெனி ஆட்களைக் குறைக்கத் தொடங்கியது. கோலாலம்பூரில் இருந்த டைரக்டர் எனக்கு ஒரு பருவம் கொடுத்தார். இருபது கலப்புகள், ஒவ்வொன்றிலும் இருபத்து நான்கு செடிகள். எது முதலில் வரும், எது கடைசியில் வரும் என்று நடுவதற்கு முன்பே எழுதி, உறையில் போட்டு ஒட்டி அவருக்கு அனுப்ப வேண்டும். பட்டியல் பலித்தால் ஆய்வுக்கூடம் இருக்கும். பலிக்காவிட்டால் மூடப்படும். என் பட்டியலில் நான்காம் எண் முதலாவது. பதினேழாம் எண் கடைசி.

மத்தியானம் மண்டோர் சீனி எட்டிப் பார்த்தார். தோட்டத்து ஆட்கள் ஆறு பேருக்கும் அவர்தான் மேலாள்.

"என்ன சார், கூழ் காச்சியாச்சா? சோசியம் என்னா சொல்லுது?"

"பொய் சொல்லுது."

"சோசியம்னா அப்படித்தான்லா. எங்க மாமாவுக்கு எம்பது வயசுன்னு எழுதிக் குடுத்தான். நாப்பத்தி ரெண்டுல போய்ட்டாரு." சிரித்துவிட்டு, நான் சிரிக்காததைக் கண்டு குரலைத் தணித்தார். "திங்கக்கெழம செடியெல்லாம் புடுங்கிறலாமா?"

புடுங்கலாம் என்றேன். பிறகு என்ன தோன்றியதோ, ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று வயலுக்குப் போனேன். நான் வெயிலில் நிற்கிறவன் அல்ல. அந்தப் பருவம் முழுவதும் வயலுக்கு நாலு தடவை போயிருந்தால் அதிகம். எடையை சீனி எழுதிக் கொடுப்பார், நான் வாங்கிக்கொள்வேன்.

தூய பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்க வேண்டும். பதினேழாம் பாத்தியில் இரண்டு விதமான செடிகள் நின்றன. சில, பச்சைத் தண்டும் முள்ளுமாகக் குட்டையாக இருந்தன. மற்றவை ஊதாத் தண்டோடு என் இடுப்புக்கு வந்தன. எவ்வளவு நேரம் அங்கே நின்றேனோ தெரியாது. கழுத்துப் பின்புறம் எரியத் தொடங்கிய பிறகுதான் நகர்ந்தேன்.

செடிகளைப் பிடுங்க வேண்டாம் என்று சீனியிடம் சொன்னேன். நானூற்று எண்பது செடிகளிலிருந்தும் இலை பறித்தேன். மூன்று வாரம் பலகை பலகையாக ஓட்டினேன். கோடுகள் தெளிவாக இருந்தன. தொண்ணூற்றேழு செடிகள் அவற்றின் பாத்திக்கு உரியவை அல்ல. பதினேழில் மட்டும் பதினொன்று. அந்தத் தொண்ணூற்றேழில் எழுபத்தொன்று, நான்காம் எண்ணின் பிள்ளைகள்.

கருப்பம்மாள் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மொட்டு விரியும் முன் இடுக்கியால் ஆண் பாகத்தைக் கிள்ளி எடுப்பதில் அவளுக்கு நிகராக அங்கே யாரும் கிடையாது. அந்த இருபது கலப்புகளில் பாதி அவள் கையால் உண்டானவை. பாத்திகளில் நாற்று நட்டதும் அவள்தான்.

"அக்கா, பதினேழுல செடி செத்திச்சா?"

"செத்திச்சே. நட்டுப் பத்து நாளுகூட ஆவல, தல தொங்கிருச்சி. அந்த நம்பரு சீக்காளி தம்பி. நாத்துலயே சீக்கு."

"செத்தத என்ன செஞ்சீங்க?"

"புடுங்கிட்டு வேற வெச்சேன்." என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "பின்ன, குழிய காலியா விடுவாங்களா? எஸ்டேட்டுல முப்பது வருசம் கன்னு வெச்ச கையி இது. ஒரு குழி காலியா கெடந்தா கங்காணி அன்னிக்கு அர நாளு கூலிக்குதான் பேரு போடுவான். அதோட வாயில வந்தத பேசுவான்."

"எந்த நாத்துத் தட்டுலருந்து எடுத்தீங்க?"

"மிச்ச நாத்துலருந்துதான். நாலாம் நம்பரு நல்லா கெட்டியா இருந்திச்சி. முக்காவாசி அதுதான். பாத்தாலே தெரியுமே, தண்டு இப்படி." சோற்றுக் கையின் சுண்டு விரலை நீட்டிக் காட்டினாள். "நீங்கதான தம்பி, காய் நெறய வரணும், இந்த தடவ வந்தாவணும்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

நான் அவள் எதிரில் இருந்த பலகையில் உட்கார்ந்தேன். அவள் சாப்பிட்டு முடித்து, சட்டியைக் கழுவி, மறுபடி வயலுக்குப் போகும் வரை உட்கார்ந்தே இருந்தேன்.

என் கணக்கு சரியாக இருந்திருக்கலாம். பலவீனமான கலப்புகள் நிறையச் செத்தன. நிறையச் செத்த பாத்திகளில் நிறைய நான்காம் எண் ஏறியது. கடைசியில் எல்லாப் பாத்திகளும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. ஆனால் காயைப் பாத்திவாரியாக ஒரே கூடையில் போட்டு நிறுத்திருந்தோம். எந்தக் காய் எந்தச் செடியினுடையது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. ஏழு வருடத்தில் நான் இலையை அரைத்துக் கண்டுபிடித்ததை அவள் நாற்றுத் தட்டின் முன் குனிந்து ஒரு நிமிடத்தில் பார்த்திருக்கிறாள். இதை எந்த அறிக்கையில் எழுதுவது?

எழுதத்தான் வேண்டியிருந்தது. கணக்கு பொய் என்று டைரக்டர் நினைத்துவிடக் கூடாது, இன்னும் ஒரு பருவம் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டுமே அப்போது எனக்கு இருந்தது. பலகைகளைப் படம் எடுத்து இணைத்தேன். 'அறிவுறுத்தலுக்கு மாறாக, தோட்டத் தொழிலாளி ஒருவர் செத்த செடிகளுக்குப் பதிலாக வேறு செடிகளை நட்டுவிட்டார்' என்று எழுதினேன்.

அறிவுறுத்தல் இருந்தது உண்மை. திட்டத் தாளின் மூன்றாம் பக்கத்தில், ஆங்கிலத்தில், என் அறைச் சுவரில் குத்தப்பட்டிருந்தது. அதை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. சீனிக்கும் சொல்லவில்லை. செத்த செடியின் இடம் காலியாகவே கிடக்க வேண்டும் என்பது எனக்கு மூச்சு விடுவது போலப் பழகியிருந்தது. அது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. அறிக்கையில் இதையெல்லாம் எழுதவில்லை.

டைரக்டர் போனில் கேட்டார். "யார் அந்தத் தொழிலாளி?"

பெயரைச் சொன்னேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. சோதனை நம்பத்தக்கதல்ல, மறுபடி நடத்த நிதி இல்லை, மாதக் கடைசியில் ஆய்வுக்கூடம் மூடப்படும், கருவிகளைக் கட்டி அனுப்பவும். சீனிக்கு வந்த தனிக் கடிதத்தில் ஒரே வரி இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கண்ணாடிக் குழாய்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது கருப்பம்மாள் வாசலில் வந்து நின்றாள். அந்த அறைக்குள் அவள் ஒருநாளும் வந்ததில்லை. அன்றும் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றாள்.

"திங்கக்கெழமயிலருந்து வேலைக்கு வர வேணாமாம். மண்டோரு சொன்னாரு. ஏன்னு கேட்டா, சாரப் போயிக் கேளுன்றாரு."

நான் கையிலிருந்த குழாயைச் சுற்றி முடித்தேன்.

"நீங்களும் போறீங்களாமே?"

"ஆமா."

"நான் வெச்ச கன்னாலயா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லாமல் விட்டதால் என்று சொல்லியிருக்கலாம். அவள் நின்றாள். வெளியே யாரோ பம்பை நிறுத்தினார்கள்.

"வெக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வெச்சிருக்க மாட்டேன் தம்பி," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

நான் குனிந்து அடுத்த குழாயை எடுத்தேன். நிமிர்ந்தபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பாதி தூரம் போயிருந்தாள்.

போனை எடுத்து டைரக்டரின் எண்ணைச் சுழற்றத் தொடங்கினேன். நான்கு எண் சுழற்றியதும் வைத்துவிட்டேன்.