நாத்தனார் வீட்டில் பதினொரு மாதம்

நாகப்பட்டினம் தபால் நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்த ராஜரத்தினம், 1955ஆம் வருஷம் ஜூன் மாதம், சேர்த்து வைத்திருந்த விடுப்பையெல்லாம் ஒன்றாக எடுத்துக்கொண்டு, மனைவி கமலவேணியையும் ஏழு வயது மகள் விஜயாவையும் மலாயாவுக்குக் கப்பலேற்றி அழைத்துப் போனார். மூன்று மாதப் பயணம். கப்பலில் ஒரு வாரம், பிறகு ரயில், தம்பின் ஸ்டேஷனில் இறங்கி மலாக்காவுக்கு பஸ். மலாக்கா டவுனை ஒட்டிய காஜா பேராங்கில் அவருடைய அக்கா ருக்மணி இருந்தாள். பதினெட்டு வருஷமாக அவர் அவளைப் பார்க்கவில்லை. கமலவேணியோ தன் நாத்தனாரை ஒருமுறைகூடப் பார்த்தவளில்லை.

போகும்போதே ராஜரத்தினம் ஒரு முடிவோடுதான் போனார். அக்காவை ஊருக்கு அழைத்து வந்துவிட வேண்டும். அத்தான் நல்லையாவை யுத்தத்தின்போது ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. குழந்தையும் இல்லை. ‘பால் வியாபாரம் நடக்கிறது, நான் சௌக்கியம்’ என்று அவள் எழுதுவாள். அதைப் படித்துப் படித்து, ஒரு கடையையும் இரண்டு வேலையாட்களையும் அவராகவே மனதில் உண்டாக்கி வைத்திருந்தார்.

வந்த மறுநாள் காலையில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தார். ஐந்து பசுக்கள் நின்றன. ருக்மணி புடவையை இழுத்துச் செருகி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஓர் ஆண்பிள்ளை சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் டின்களை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா இது? ஆள் யாரும் இல்லையா?”

“நான்தாம்பா ஆளு. அடுப்புல கோப்பி இருக்கு, ரொட்டி வாங்கி வச்சிருக்கேன். மூணு பேரும் பசியாறிட்டு இருங்க. ஒன்பது மணிக்கெல்லாம் வந்துருவேன்.”

சொல்லிவிட்டு ஒரு காலை ஊன்றி ஏறி உட்கார்ந்து போய்விட்டாள். ராஜரத்தினம் உள்ளே வந்து, “ஊர்ல போய் இதை யார்கிட்டயும் சொல்லிடாதே” என்றார் மனைவியிடம். கமலவேணி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அத்தனை கனத்தை வைத்துக்கொண்டு, முதுகு வளையாமல், மண் சாலையில் ஒருத்தி சைக்கிள் விட்டுக்கொண்டு போனதை அவளால் மறக்க முடியவில்லை.

அடுத்த இரண்டு மாதமும் உறவினர் வீடுகளுக்குப் போவதில் கழிந்தது. செங்கில் ஒரு சித்தப்பா மகன், கோலாலம்பூரில் பெரியம்மா பேத்தி, தைப்பிங்கில் கமலவேணியின் ஒன்றுவிட்ட தங்கை. போன இடமெல்லாம் கோழிக்குழம்பு, டுரியான் பழம், போட்டோ. ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக, இருந்த மாமா மகன் கருணாகரன், சாப்பிட்டுக் கைகழுவும்போது, “மலாக்காவுல பால்கார ருக்மணின்னா தெரியாத ஆளே கிடையாது” என்றார். அவர் பெருமையாகத்தான் சொன்னார். ராஜரத்தினத்துக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

மலாக்காவுக்குத் திரும்பிய அன்றே அவர் பேச்சை எடுத்தார்.

“அக்கா, போதும். எங்ககூட ஊருக்கு வந்துரு.”

“வந்து?”

“வந்து எங்களோட இரு.”

“இருந்து?”

ருக்மணி சிரித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

கப்பலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கமலவேணிக்கு உதிரம் பட்டது. நாள் தள்ளிப்போனதை அலைச்சலால் என்று நினைத்து அவள் யாரிடமும் சொல்லாமலே இருந்துவிட்டாள். விஜயாவுக்குப் பிறகு இரண்டு கர்ப்பம் கலைந்தவள். ஆஸ்பத்திரியில் பரிசோதித்த டாக்டர், மூன்று மாதம் என்றார். பிள்ளை தங்க வேண்டுமானால் படுக்கையை விட்டு எழக் கூடாது, கப்பல் பயணம் பிரசவத்துக்குப் பிறகுதான் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

ராஜரத்தினத்துக்கு விடுப்பு முடிந்துகொண்டிருந்தது. மேலும் ஒரு நாள் கேட்டாலும் கிடைக்காது.

“நீ பால் ஊத்தப் போயிட்டா இவளை யாருக்கா பாத்துக்குவாங்க?”

“அதை நான் யோசிக்கிறேன். நீ போய் வேலையைப் பாரு தம்பி. உன் பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் நானே கொண்டாந்து உன் கையில குடுக்கிறேன்.”

அவர் அரைமனதோடு போனார். பஸ் கிளம்பிய சத்தம் கேட்டபோது கமலவேணி சுவரைப் பார்த்துப் படுத்து அழுதாள். பிறந்த வீட்டில் நாத்தனார்களைப் பற்றி அவள் கேட்டு வளர்ந்த கதைகள் ஒன்றும் நல்ல கதைகள் இல்லை. இப்போது கடல் தாண்டி வந்து, எழுந்து நடக்கக்கூட அனுமதி இல்லாமல், ஒரு நாத்தனாரின் கையில் கிடந்தாள்.

மறுநாள் ஏழரை மணிக்கே சைக்கிள் திரும்பி வந்துவிட்டது.

“என்ன அண்ணி, அதுக்குள்ள வந்துட்டீங்க?”

“புக்கிட் காதில்ங்கிற ஊர்ப் பக்கத்து வீடுங்களையெல்லாம் வேற பால்காரர்கிட்ட விட்டுட்டேன். ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தாரு.”

“எனக்காகவா?”

“பின்னே, மாட்டுக்காகவா? குடி, பால் ஆறுது.”

ஒன்பது வருஷம் மழையிலும் வெயிலிலும் போய்ச் சேர்த்த வீடுகள் அவை.

படுக்கையிலேயே எல்லாம் நடந்தது. முதல்முறை ருக்மணி சட்டியை எடுத்துக்கொண்டு போனபோது கமலவேணி கூசிப்போய்க் கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“நீங்க போய் இதெல்லாம் செய்யலாமா அண்ணி…”

“அஞ்சு மாட்டுக்குச் செய்யிறேன். ஒரு மனுஷிக்குச் செய்யக் கூடாதாக்கும்?”

கமலவேணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ருக்மணி வெளியே போகும் நேரத்தில் பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி வந்து உட்காருவாள். அவள் மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். பல தலைமுறைக்கு முன்னே வியாபாரத்துக்கு வந்து இங்கேயே கலந்துவிட்ட தமிழரின் வழி. நெற்றியில் விபூதி, உடம்பில் மலாய்ப் பெண்கள் போடும் கெபாயா சட்டையும் கைலியும், வாயில் மலாய். மாரியம்மனுக்கு விரதம் இருப்பாள். தமிழில் பத்து வார்த்தைக்கு மேல் வராது. கமலவேணிக்கு முதலில் இது பெரிய அதிசயமாக இருந்தது. கொஞ்ச நாளில் இருவரும் கையாலும் கண்ணாலும் பேசிக்கொண்டார்கள். அதற்குள் பாக்கியலட்சுமியின் பிள்ளைகளோடு விளையாடி விளையாடி விஜயா மலாய் பேச ஆரம்பித்திருந்தாள். இரண்டு பெண்களுக்கும் நடுவில் உட்கார்ந்து அங்கிருந்து இங்கேயும் இங்கிருந்து அங்கேயும் பேச்சை மாற்றிக்கொடுத்தாள்.

தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், கமலவேணி துணிந்து நல்லையாவைப் பற்றிக் கேட்டாள்.

ருக்மணி தீவனத்துக்குப் புண்ணாக்கை உடைத்துக்கொண்டே சொன்னாள்: “யுத்தம் முடிஞ்சதும் சயாமுக்குப் போனவங்க ரயில்ல திரும்பி வர ஆரம்பிச்சாங்க. நான் தினமும் தம்பின் ஸ்டேஷனுக்குப் போவேன். பஸ் இல்லாத நாள் நடந்தும் போயிருக்கேன். மூணு மாசம். எலும்பும் தோலுமா இறங்குவாங்க, மூஞ்சியைப் பாத்தா யாருன்னே தெரியாது. ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் ‘மலாக்கா நல்லையா, மலாக்கா நல்லையா’ன்னு கேப்பேன். ஒருநாள் ஒரு மனுஷர், ‘நான்தாம்மா அவரைப் புதைச்சேன்’னாரு. அவருக்குச் சோறு வாங்கிக் குடுத்து, அவர் ஊருக்கு பஸ் ஏத்திவிட்டுட்டு வீட்டுக்கு வந்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, மிச்சமிருந்த பசுவுக்குப் பால் கறந்தேன். சைக்கிள் அவரோடது. ஓட்டக் கத்துக்கிட்டேன்.”

கமலவேணி படுத்தபடியே கையை நீட்டி நாத்தனாரின் முழங்காலைத் தொட்டாள். ருக்மணி புண்ணாக்குத் தூளைத் தட்டிவிட்டு எழுந்துபோனாள்.

மாதம் நிறைந்தது. முதல் அறிகுறி தெரிந்ததுமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிட வேண்டும், வீட்டில் முயற்சி செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ருக்மணி எதிர்வீட்டு யூனுஸிடம் சொல்லி வைத்திருந்தாள். யூனுஸ் பேச்சா ஓட்டுபவர். சைக்கிளுக்குப் பக்கவாட்டில் இருவர் உட்காரும் பெட்டி வைத்த மூன்று சக்கர வண்டி அது.

பிப்ரவரி இருபதாம் தேதி வலி வந்தது. அன்று பார்த்து மலாக்காவே வீட்டில் இல்லை. சுதந்திரம் என்றைக்கு என்று பண்டார் ஹிலிர் திடலில் அறிவிக்கப்போகிறார்கள் என்று மூன்று நாளாகவே ஊர் முழுக்க அதுதான் பேச்சு. காலையிலேயே யூனுஸ், கூட்டத்தில் வண்டி ஓட்ட முடியாதென்று பேச்சாவை மாமரத்தடியில் விட்டுவிட்டுத் திடலுக்கு நடந்து போய்விட்டார். டாக்சி ஒன்றும் கண்ணில் படவில்லை. டவுனுக்குள் லோரிகளும் பஸ்களும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊர்ந்தன.

கமலவேணியின் புடவை நனைந்திருந்தது. உதிரமும் கலந்திருந்தது.

ருக்மணி சாலையை இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தாள். பிறகு நேராக மாமரத்தடிக்குப் போய் பேச்சாவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பாக்கியலட்சுமி தன் பிள்ளைகளோடு விஜயாவையும் வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டு ஓடிவந்து, கமலவேணியை ஏற்றித் தானும் ஏறி அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“அண்ணி, உங்களுக்கு இது ஓட்டத் தெரியுமா?”

“இனிமேதான் தெரியணும். கெட்டியா பிடிச்சுக்க வேணி.”

முதல் திருப்பத்திலேயே வண்டி சாக்கடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. பக்கத்துப் பெட்டியின் கனம் பழகாதவர்களை அப்படித்தான் இழுக்கும். ருக்மணி ஒரு காலை ஊன்றி நிறுத்தி, கைப்பிடியை இறுக்கி, மறுபடி மிதித்தாள். அதன் பிறகு வண்டி அவள் சொன்னபடி போனது. ஆஸ்பத்திரி ஒன்றரை மைல். ஜனங்கள் கொடிகளோடு எதிரே வந்துகொண்டே இருந்தார்கள். “தெப்பி! தெப்பி!” என்று அவள் கத்தக் கத்தச் சாலையோரம் ஒதுங்கினார்கள். வண்டிக்குள் பாக்கியலட்சுமி கமலவேணியின் காதில் “ஜாங்ஙான் தாக்குத், பயம் வேணாம்” என்று மலாயும் தமிழுமாக ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கமலவேணி வலிக்கு நடுவே கண்ணைத் திறந்தபோதெல்லாம் பக்கத்தில் நாத்தனாரின் முகம் தெரிந்தது. வியர்வை கண்ணில் இறங்கினாலும் துடைக்கக் கையை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் மட்டுமே பார்த்தாள்.

ஆஸ்பத்திரி மேட்டில் வண்டி நின்றுவிட்டது. எவ்வளவு மிதித்தும் சக்கரம் நகரவில்லை. ருக்மணி இறங்கித் தள்ளினாள். அப்போது கூட்டத்தில் திடலுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு மலாய்க்காரர்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கையிலிருந்த கொடியைப் பாக்கியலட்சுமியிடம் கொடுத்துவிட்டு வண்டியின் பின்னால் கை வைத்தார். இன்னொருவர் மறுபக்கம் வந்தார். மூன்று பேருமாக வாசல்வரை தள்ளினார்கள். அவர்கள் பெயர்கூடத் தெரியாது. கொடியை வாங்கிக்கொண்டு திடலைப் பார்த்து ஓடினார்கள்.

ஆயுதம் போட்டுத்தான் குழந்தையை எடுத்தார்கள். ஆண் குழந்தை, தாயும் பிழைத்தாள். ருக்மணி வராந்தாவில் உட்கார்ந்தபோதுதான் தன் உள்ளங்கால் கிழிந்திருப்பதைப் பார்த்தாள். செருப்பு போடாமலே வந்திருக்கிறாள்.

சாயங்காலம் யூனுஸ் பேச்சாவைத் தேடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அடுத்த வருஷம் ஆகஸ்டில் சுதந்திரம் என்ற செய்தியை அவர்தான் கொண்டுவந்தார். வண்டி போன கதையைக் கேட்டுவிட்டு, “அக்கா, இந்த மேட்டுல ரெண்டு ஆளை வச்சு நானே மிதிச்சதில்ல லா. நாளையிலேருந்து நீங்க ஓட்டுங்க, நான் போய்ப் பால் ஊத்தறேன்” என்றார். வார்டே சிரித்தது.

மே மாதம், சொன்ன சொல்படி, ருக்மணி அவர்களைக் கப்பலேற்றிக் கொண்டு வந்தாள். பசுக்களைப் பாக்கியலட்சுமி பார்த்துக்கொண்டாள். கடலில் நின்ற கப்பலிலிருந்து இறக்கிய படகு நாகப்பட்டினத்தில் கரையைத் தொட்டதும் ராஜரத்தினம் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தார். ருக்மணி குழந்தை தியாகுவை அவர் கையில் கொடுத்தாள். அவர் குழந்தையை வாங்கிக்கொண்டு, அந்தத் தண்ணீரிலேயே நின்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு மாதம் இருந்தாள். அந்த மாதம் முழுக்கக் கமலவேணி தெருவில் வந்தவர் போனவரிடமெல்லாம் பேச்சா கதையைச் சொன்னாள். ராஜரத்தினம் அக்காவைத் தபால் நிலையத்துக்கே அழைத்துப் போய், “எங்க அக்கா. மலாக்காவுல பால் வியாபாரம். சைக்கிள்லயே ஊரைச் சுத்தி வருவாங்க” என்று போஸ்ட்மாஸ்டருக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

கிளம்புகிற அன்று அவர் மறுபடி கேட்டார். இந்த முறை கெஞ்சினார்.

“இருக்கக் கூடாதா அக்கா? நாங்க பாத்துக்கிறோம்.”

“நீங்க பாத்துக்குவீங்கன்னு தெரியும் தம்பி. ஆனா அடுத்த வருஷம் அங்க சுதந்திரம். அந்த ஊர்ல எல்லாத்தையும் பாத்துட்டேன், அதையும் நின்னு பாக்க வேணாமா?”

கமலவேணி குழந்தையோடு காலில் விழப் போனாள். ருக்மணி பாதியிலேயே தூக்கிப் பிடித்தாள். “பச்சை உடம்பு, குனியாதே” என்று அதட்டிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, யார் கையும் பிடிக்காமல் படகில் ஏறினாள்.