முதல் ஆறு எழுத்து

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று ஒடுகத்தூரில் எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் நேரில் பார்க்காத ஓர் ஆளோடு நான் சண்டை போட்டது ஜவ்வாது மலைக்குப் போன பிறகுதான். அவர் பெயர் அமீனுல்லா, வாணியம்பாடிக்காரர். மலைமேல் இருந்த வானாய்வுக்கூடத்தில் எனக்கு முன்னால் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதியவர். எழுபத்தெட்டாம் வருஷம் நான் வேலையில் சேர்ந்தபோது அவர் துபாய் போய்விட்டிருந்தார்.

விட்டுப்போனது முப்பத்தொரு பிஸ்கட் டப்பா. ஒவ்வொன்றிலும் துளை போட்ட காகித டேப் ஒரு சுருள், அதில் ஒரு சின்னப் புரோகிராம். மூடியின் மேல் அழகான கையெழுத்தில் இரண்டு வரி: 'இது யாரைக் கூப்பிடும்', 'இதை யார் கூப்பிடுவார்'. ஏனென்றால் எந்தப் புரோகிராமும் தனியாளில்லை. தொலைநோக்கியை எங்கே திருப்புவது என்று கணக்கிடும் பெரிய புரோகிராம் 'நட்சத்திரம்' என்பதைக் கூப்பிடும். அது 'தேதி'யைக் கூப்பிடும். பெயரெல்லாம் தமிழில் வைத்து ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார் மனிதர். முதலில் பெரியதை மெஷினுக்கு ஊட்ட வேண்டும், பிறகு சுவரில் ஒட்டிய பட்டியல்படி மற்றவர்களை ஒவ்வொருவராக. கூப்பிட்ட ஆள் யாராவது வராவிட்டால் மெஷின் அந்தப் பெயரைத் தாளில் தட்டிவிட்டு நின்றுவிடும். தாய்மாமன் வராமல் கல்யாணப் பந்தல் காத்திருப்பது போலத்தான்.

மாசி மாதக் காலைகளில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து டப்பாக்களின் மேல் உட்கார்ந்துகொள்ளும். தொட்டால் விரலில் ஈரம். கதவு எது, சுவர் எது என்று தெரியாத வெள்ளைக்குள் டேப் ஓடுகிற சத்தம் மட்டும் வரும். நான் மூடிகளைப் படித்துக்கொண்டே அமீனுல்லாவோடு பேசுவேன். 'இதை ஏன் இப்படிச் செய்தீர்?' என்பேன். பதில் அநேகமாக அடுத்த மூடியில் இருக்கும். அவரை எனக்குப் பிடித்திருந்தது. அப்போது அதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததைச் சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி நானே கெடுத்தேன். நட்சத்திரங்களுக்கு என்று ஒரு நேரம் உண்டு, நம் கடிகாரத்தைவிட நாளுக்கு நாலு நிமிஷம் முந்தி ஓடும். அந்தக் கணக்கு பெரிய புரோகிராமுக்குள்ளேயே கிடந்தது. அதைப் பிரித்துத் தனி டேப்பாக்கி, 'நட்சத்திரநேரம்' என்று பெயர் வைத்து, ஒரு பச்சை டப்பாவில் போட்டு, அலமாரியின் மூன்றாம் தட்டில் 'நட்சத்திரம்' டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். சுவர்ப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஊட்டப்போவது நான்தானே. தள்ளி நின்று பார்த்தபோது பெருமையாக இருந்தது.

அன்றிலிருந்து தொலைநோக்கி வெற்று வானத்தைப் பார்த்தது. மெஷின் ஒரு குறையும் சொல்லவில்லை. கூப்பிட்ட ஆளெல்லாம் வந்தாயிற்று என்றுதான் தாளில் அடித்தது. ஆனால் கணக்கு சொன்ன இடத்தில் நட்சத்திரம் இல்லை. நான்காம் நாள் காலையில் அதிகாரி கோவிந்தன் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார்.

"இன்னாம்மா பூங்கோதை, கணக்கு சரியா வர்லியே."

"டேப்பு பழசு சார். அமீனுல்லா எதையோ தப்பா வச்சிட்டுப் போய்ட்டாரு."

"அவரு இருந்தப்ப சரியாத்தான இருந்துச்சு." மேகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன்னுது தற்காலிக வேலை. மாசக் கடைசியோட முடிச்சுக்கலாம்னு மேல எழுதிட்டேம்மா."

அதட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னதுதான் வலித்தது. கீழே ஊரில் அப்பாவின் வேர்க்கடலைக் கடை, எங்கள் பேச்சில் மல்லாட்டைக் கடை, இருந்தது, சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் என் கணக்கு எங்கேயோ இருக்கும் ஒரு நட்சத்திரத்தைப் போய்த் தொடுகிறதே, அந்த வேலை மலைக்குக் கீழே எங்கே கிடைக்கும்? எனக்கு இறங்க மனமில்லை.

பத்து நாள் அமீனுல்லாவின் டப்பாக்களைக் குடைந்தேன். துளை துளையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திட்டினேன். ஒரு தப்பும் அகப்படவில்லை.

பதினோராம் நாள் காலை ஆலங்காயத்துக்கு ஜீப் அனுப்ப வேண்டியிருந்தது. கோவிந்தன் வராந்தாவில் நின்று மேகத்துக்குள் "தீர்த்தகிரி" என்று குரல் கொடுத்தார். உள்ளிருந்து ஒரு மூங்கில் கழி வந்தது, பிறகு அதைப் பிடித்திருந்த ஆள் வந்தார். ஜீப் டிரைவர் இல்லை. பக்கத்து மரத்தில் புளி உலுக்கிக்கொண்டிருந்தவர்.

"கூப்ட்டீங்களா சாமி?"

"உன்ன இல்லய்யா. ஜீப்பு ஓட்றானே, அந்த தீர்த்தகிரிய."

"அவுரு ஷெட்டாண்ட தூங்கறாருங்க. என் பேரும் அதான. கிட்ட இருந்தேன், வந்துட்டேன்."

கோவிந்தன் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. கிட்ட இருந்தேன், வந்துட்டேன். நான் அறைக்குள் ஓடினேன்.

மெஷின் எவ்வளவு நீளப் பெயரானாலும் ஆங்கிலத்தில் முதல் ஆறு எழுத்தைத்தான் படிக்கும். மீதியைக் கண்டுகொள்ளாது. 'நட்சத்திரம்' என்றாலும் 'நட்சத்திரநேரம்' என்றாலும் அதற்கு NATCHA என்ற ஆறு எழுத்து, அதாவது 'நட்ச'தான். முதலில் ஊட்டிய டேப் இரண்டு அழைப்புக்கும் தானே போய் நின்றிருக்கிறது. பிறகு வந்த என் டேப்பை, இந்த ஆள் ஏற்கெனவே வந்தாயிற்று என்று மெஷின் வெளியிலேயே நிறுத்திவிட்டது. நேரம் கேட்ட இடத்தில் எல்லாம் நட்சத்திரத்தின் இடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அமீனுல்லாவின் பேரில் ஒரு குற்றமும் இல்லை. அவர் டப்பாக்களைப் பத்து நாள் தோண்டியவள் என் டப்பாவை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. வெட்கம் பிடுங்கியது. மேகம் இருந்ததால் நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

புது டேப் அடித்தேன். இனி இதில் பிழை வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியட்டும், வைத்தவள் பெயரே இருக்கட்டும் என்று 'பூங்கோதை' என வைத்தேன். மெஷினுக்கு அது 'பூங்கோ'. பெரிய புரோகிராமிலும் அப்படியே கூப்பிடும்படி மாற்றினேன். பச்சை டப்பாவின் மூடியில் அமீனுல்லா மாதிரியே இரண்டு வரி எழுதினேன். 'இதை யார் கூப்பிடுவார்' என்ற இடத்தில் 'பெரியது' என்று போட்டு, டப்பாவை மூன்றாம் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

அன்று அந்தி சாய்ந்ததும் முதல் நட்சத்திரம் தொலைநோக்கியின் நடுவில் வந்து நின்றது. கோவிந்தன் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இருக்குது," என்றார். பிறகு, "மேலேர்ந்து காயிதம் வந்துட்டுதும்மா. நான் இன்னா பண்றது."

மாதக் கடைசியில் தகரப் பெட்டியோடு இறங்கிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கடை வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். மலை இன்னும் அவர் தலையில் ஈரமாக இருப்பதுபோலத் தோன்றியது, வெறும் வியர்வைதான். புளி தீர்த்தகிரி.

"மெசினு நின்னுபோச்சுங்க. புதுசா வந்தவரு செவுத்துல இருக்கறபடி எல்லாத்தையும் போட்டுப் பாத்தாராம். பூங்கோ, பூங்கோன்னு உங்க பேரையே தட்டிட்டு நிக்குதாம். மேல கேட்டு சரி வாங்கிட்டாங்களாம், உங்கள கையோட கூட்டியாரச் சொன்னாரு சாரு."

"ஜீப்பு தீர்த்தகிரி வர்லியா?"

"தீர்த்தகிரின்னு கூப்ட்டாங்க. நான்தான் கிட்ட இருந்தேன். பஸ்ல வந்துட்டேன்."

பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே விட்டாயா என்று பின்னாளில் பலர் என்னைக் கேட்டார்கள். எனக்கே சரியாகத் தெரியாது. மூன்றாம் தட்டு, பச்சை டப்பா. நாலே வார்த்தைதான். வாய்வரை வந்தது.

"இன்னாங்க, எதுனா சொல்லியனுப்பறீங்களா?" என்றார் அவர்.

"ஒண்ணும் வேணாங்க," என்று பெட்டியை எடுத்தேன். "நானே வர்றேன்."